முத்திரை பார்க்கிற நாள்

ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில்
நீல வெல்வெட் பெட்டி.
உள்ளே ஒரு கிலோவிலிருந்து ஐந்து கிராம் வரை
பித்தளைப் படிகள்,
குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல்.
வெறுங்கையால் தொடக்கூடாது.
விரலின் எண்ணெயும் எடைதான் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.

தை மாதப் பனி இன்னும் கீரைக்கட்டில் இருக்கிறது.
திருநெல்வேலிச் சந்தைக்குள் நான் நுழைய முன்னமே
செய்தி நுழைந்துவிடுகிறது:
"மிஸ் வாறா!"
வெங்காயச் சருகை ஊதுகிறார்கள்.
யாரோ அவசரமாய்த் தட்டைத் துடைக்கிறார்
பீட்ரூட் சிவப்பேறிய துணியால்.
இதற்கு முந்திய நிமிடத்தில் இந்தச் சந்தை
எப்படியிருந்தது என்று
எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

தவமலரிடம் இராசவள்ளிக்கிழங்கு.
வெட்டிய முகம் கத்தரிப்பூ நிறம்.
அவளுடைய மின்தராசு என் ஒரு கிலோவுக்கு
தொள்ளாயிரத்து எழுபது காட்டுகிறது.
"முப்பது கிராம் நட்டம், உங்களுக்குத்தான்."
"தெரியும் மிஸ். ரெண்டு மாசமாய்.
ஆக்களுக்கும் தெரியும், அதுக்குத்தானே வருகினம்.
திருத்தினால் அங்கால போயிடுவினம்."
அங்கால இருந்த கடைக்காரர்
கத்தரிக்காய்களை
மிகக் கவனமாக அடுக்கத் தொடங்கினார்.

சட்டத்துக்குக் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.
பதினாலு நாள் தவணை எழுதினேன்.

பாசையூரில் எனக்கு வேலை குறைவு.
எமிலியானுஸ் மீனை நிறுப்பதில்லை.
ஓரா ஒரு கூறு, நண்டு ஒரு கூறு,
திருக்கை தனியே சாக்கில்.
ஒரு கண் மூடி மறுகண்ணால் பார்த்து
விலையைக் கூவுகிறார்.
கண்ணுக்குக் குத்த
என்னிடம் அச்சு இல்லை.

ஐந்து சந்திக்கருகே ஜுனைதீன் கடை.
வாசலிலேயே தும்மல்.
மல்லி, பெருஞ்சீரகம், வறுத்த மிளகாய்,
பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து
சுவரேறி வரும் இறைச்சிக் குழம்பு.
பழைய தொங்கு தராசு. கோலைத் திருப்பினேன்.
முத்திரைகள் வரிசையாக: 87, 88, 89, 90.
பிறகு என் பெருவிரலகலம் வெறும் இரும்பு.
பிறகு 2011.

இடம் விட்டுக் குத்தச் சொன்னவர் அவர்தானாம்.
குத்திய அலுவலர் ஏனென்று கேட்கவில்லையாம்.
நானும்.
இந்த வருடத்தைக் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில்
ஒட்டியே குத்தினேன்.
தராசு ஒரு மயிரிழையும் பிசகவில்லை.

மத்தியானம் நல்லூர்ப் பின்வீதி.
கோபிராஜுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும்,
கடைக்கு ஒன்றரை.
கண்ணாடிப் போத்தல்களில் மோர்மிளகாய்,
ஒடியல் மா, எள்ளுருண்டை, நெல்லிரசம்,
ஒவ்வொன்றிலும் கையெழுத்தில் ஊர்ப்பெயர்.
"வாங்காட்டிலும் பரவாயில்லை, ருசி பாருங்கோ"
என்று பினாட்டை நறுக்கி நீட்டினான்.
கடமையில் இருக்கும்போது வாங்கக்கூடாது.
வாங்கினேன்.
பனம்பழத்தின் புளிப்பும் மெல்லிய கசப்பும்
வெயிலில் காய்ந்து தோலாகி,
நாக்கில் மறுபடி பழமாகின்றன.
இதுபோல் இந்த நகரத்தில் வேறெங்கும் நான் தின்றதில்லை.

இருநூற்றைம்பது கிராம் என்று அச்சிட்ட பைகள்.
ஒன்றை வைத்தேன்: இருநூற்றுப் பதினைந்து.
இன்னொன்று: இருநூற்றுப் பத்து.
ஆறாவது பைக்குப் பிறகு
அவன் சிரிப்பதை விட்டான்.

குற்றப் பத்திரம் எழுதும்போதும்
பினாட்டு கடைவாய்ப் பல்லில் ஒட்டியிருந்தது.
வாயைத் திறக்காமலே கையெழுத்திடும் இடத்தைக் காட்டினேன்.

அலுவலகத்தில் கேட்டார்கள்,
இன்றைக்கு எப்படி என்று.
எண்களைச் சொன்னேன்.

இன்று பதின்மூன்றாம் நாள்.
தவமலர் கடையில் வரிசை
வாழைக்குலைகளைத் தாண்டி வளைந்து நிற்கிறது.
நாளை தராசு திருந்திவிடும், எல்லோருக்கும் தெரியும்.
ஏழாவதாக நான்.
இன்றைக்கு லீவு. பெட்டி வீட்டில்.
கையில் வெறும் பன்பை.